பார்பெல்லுக்கு நான் தைத்த தோலுறை

பார்பெல்லின் பிடியில் எதையும் சுற்றாதீர்கள். துணி, கயிறு, ரப்பர், தோல், எதுவும் வேண்டாம். வழுக்குகிறது என்று யாராவது முறையிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இரும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். நம் கசரத்துக் கூடத்துக்கு உதவி வாத்தியார்களாக வந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் தொழில் விஷயமாக நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தண்டால் எத்தனை, பஸ்கி எத்தனை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் தோளைப் பார்த்தாலே தெரிகிறது. ஓய்வு பெற்ற கிழவன் வேறு வேலை இல்லாமல் கடிதம் எழுதுகிறான் என்று நினைத்தாலும் சரி, கடைசி வரை படித்துவிடுங்கள்.

யுத்தத்துக்கு முந்தைய காலம் அது. அப்போது நான் வாணியம்பாடியில் ஒரு டேனரியில் பதப்பட்ட தோலுக்கு மெருகு போடும் பகுதியில் இருந்தேன். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் கர்லாக்கட்டை சுற்றுவேன். எங்கள் முதலாளிக்கு அதில் ஒரு பிரியம். தோல் பதனிடும் பட்டை கொட்டி வைத்திருந்த கொட்டகை ஒன்றைக் காலி செய்து, டேனரி ஆட்களும் ஊர்க்காரர்களும் கசரத்து செய்யக் கொடுத்தார். என்னையே வாத்தியாராக வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கொட்டகையில் ஒரு நாள் சண்டை என்று காதில் விழுந்தாலும் மறுநாள் பூட்டுதான் என்றார். முதலாளி சொன்னால் சொன்னதுதான்.

மதராஸிலிருந்து ரயிலில் ஒரு பார்பெல் வந்தது. இப்போது நீங்கள் தட்டுத் தட்டாகச் சேர்க்கும் மாதிரி இல்லை. நடுவில் கம்பி, இரண்டு முனையிலும் பூசணிக்காய் அளவுக்கு இரும்புக் குண்டு. கம்பியின் முனையில் மரை வெட்டியிருக்கும், குண்டை அதில் திருகி ஒரு ஆணி அடித்திருப்பார்கள். குண்டின் துளை வழியாக மணலோ ஈயமோ போட்டு எடையைக் கூட்டிக்கொள்ளலாம். எல்லோரும் அதைப் பார் என்றுதான் சொல்வோம். ஊருக்கே அது ஒன்றுதான், அதனால் சாயங்காலம் அதற்கு முன்னால் வரிசை நிற்கும். மளிகைக்கடைக்காரர், வண்டிக்காரர், டேனரி ஆபீஸ் குமாஸ்தா, தோல் ஊறப்போடும் குழியில் வேலை செய்கிறவன் எல்லோரும் அதே கம்பியைத்தான் பிடித்தார்கள்.

பகிர்ந்து வைத்துக்கொள்ளும் இரும்பைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. அதிலும் தோல் ஊரில் ரொம்பக் கஷ்டம். உப்புப் போட்ட தோலைத் தொட்டவன் கை எத்தனை கழுவினாலும் உப்புக் கரிக்கும். அந்தக் கையால் பிடித்த இடம் ஒரே ராத்திரியில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். தினமும் கடைசியில் யாராவது உட்கார்ந்து துடைத்து எண்ணெய் போட வேண்டும். அந்த வேலையை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டவன் முனிசாமி.

முனிசாமிக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. இடுக்கியால் ஊறின தோலைக் குழியிலிருந்து இழுத்துப் போடுவது. ஈரத்தோல் என்ன கனம் கனக்கும் என்று இழுத்தவனுக்குத்தான் தெரியும். அதிலேயே அவனுக்கு முதுகும் தோளும் தேறிவிட்டன. கைதான் பாவம், சுண்ணாம்பு தின்று தின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். என் வயசுதான் அவனுக்கும். என்னைப் பாய் என்பான். ஆனால் நீ, வா, போதான். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போனால், தோஸ்துங்க கிளம்பிட்டாங்க என்று சோடாக்கடைக்காரர் கிண்டல் செய்வார்.

எல்லோரும் போன பிறகு அவன் பாரைத் தொடையில் குறுக்கே வைத்துக்கொண்டு விளக்கெண்ணெய்த் துணியால் தேய்ப்பான். தேய்த்த பிறகு வெறும் விரலால் இந்தக் குண்டிலிருந்து அந்தக் குண்டு வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே போவான். குண்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பான். கண்ணாலேயே பார்த்தால் போதாதா என்று நான் கேட்பேன். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி கைக்குத் தெரியும் என்பான். நான் வாத்தியார், எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

எனக்கு உதவிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்தபோது நான் முனிசாமி பெயரைச் சொன்னேன். அவர் யோசித்தார். குழியில் இருக்கிறவன் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதா, ஒப்புக்கொள்வார்களா என்ற யோசனை. கடைசியில், அவன் இருநூறு பவுண்டு தலைக்கு மேலே தூக்குவதை எல்லோரும் பார்க்கட்டும், பார்த்த பிறகு யார் என்ன பேச முடியும் என்றார். நோன்புப் பெருநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று குறித்தார். அதற்கு மூன்று மாதம் இருந்தது. நான் சொன்னதும் முனிசாமி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். குழியை விட்டு வெளியே வந்தால் இந்தக் கை ஆறிவிடுமா பாய் என்று மட்டும் கேட்டான். ஆறு மாதத்தில் ஆறிவிடும் என்றேன்.

சேதி பரவிய அடுத்த வாரம் குமாஸ்தாக்கள் நாலு பேர் என்னிடம் வந்தார்கள். குழிக்காரன் பிடித்த கம்பியை நாங்கள் பிடிக்க முடியாது, நாற்றம் அடிக்கிறது, ஒன்று அவர்களை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முதலாளியிடம் போகிறோம் என்றார்கள். நாற்றம் என்பது வாய்க்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நாற்றத்தில் பிழைக்கிற ஊரில் யார் நாற்றத்தைக் கண்டார்கள்?

அந்த இடத்திலேயே, இஷ்டம் இருந்தால் பிடி, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சண்டை என்று காதில் விழுந்தால் பூட்டு என்ற வார்த்தை என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கூடம் போனால் முனிசாமியின் வேலையும் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வேலையும் போய்விடும் என்பதை அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அதனால் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். பாரின் பிடிக்குத் தோலுறை தைத்தேன். இரும்பையே யாரும் தொட வேண்டாம். குழி ஆட்கள் தூக்கி முடித்ததும் உறைமேல் ஒரு செம்பு தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டால் அடுத்தவர் பிடித்துக்கொள்ளலாம். குமாஸ்தாக்கள் சரி என்றார்கள். முதலாளி காதுக்கு ஒன்றும் போகவில்லை. எனக்கு என்னையே தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

இனி வருவது எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம். ஈரமான தோலில் இரும்பு பட்டால் கறுத்துப் போகும், அந்தக் கறை எந்த ஜென்மத்துக்கும் போகாது. அதனால்தான் டேனரியில் பித்தளை ஆணியும் மரத் தொட்டியும் வைத்திருப்பார்கள். சின்ன வயசிலிருந்து எனக்குப் பழகிய பாடம் அது. என் கையால் மெருகு போட்ட நல்ல தோல், கறுத்துவிடக் கூடாதே என்று முதலில் கம்பியைச் சுற்றிக் கம்பளித்துணி ஒன்றை இறுக்கச் சுற்றினேன். அதன்மேல் தோலைப் போட்டு, இந்தக் குண்டு முதல் அந்தக் குண்டு வரை தைத்தேன். இரும்பிடமிருந்து தோலைக் காப்பாற்றினேன். தோலிடமிருந்து இரும்பைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் ஊற்றிய தண்ணீரை அந்தக் கம்பளி குடித்துக்கொண்டு, உப்போடு சேர்த்துக் குண்டுக்குள் இருக்கும் மரைவரை கொண்டுபோய்விட்டது.

தைத்து முடித்த அன்று முனிசாமியிடம் காட்டினேன். தடவிப் பார்த்தான். தையல் நல்லா இருக்குது என்றான். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

“இது பாருக்குப் போட்ட உறை இல்ல பாய். என் கைக்குப் போட்டது.”

எனக்குக் கோபம் வந்தது. உனக்காகத்தான் இவ்வளவும் செய்கிறேன், மூணு மாதம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கத்தினேன். உண்மையைச் சொன்னவன்மேல் வருகிற கோபம் எப்போதும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கும். அவன் செம்பை எடுத்துத் தண்ணீர் விட்டு உறையைக் கழுவினான். அன்று முதல் தினமும் கழுவினான். தடவிப் பார்க்கத்தான் வழியில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று இரண்டு தடவை கேட்டான். நான் தோலைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது, ஒரு கறை இல்லை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொட்டகையில் இடம் கொள்ளாத கூட்டம். முன்வரிசை பெஞ்சியில் முதலாளி, அவர் பக்கத்தில் வேலூரிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகள், அப்புறம் குமாஸ்தாக்கள். பின்னால் சுவர் ஓரம் குழி ஆட்கள். முனிசாமி தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டு புதுத் துண்டு கட்டிக்கொண்டு வந்தான். குனிந்து பாரைப் பிடித்தான். ஒரே இழுப்பில் தோளுக்குக் கொண்டுவந்தான். கூட்டம் ஆ என்றது. அங்கேயே நிறுத்திவிட்டான்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். அவன் முகத்தைத் திருப்பாமல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“பாய், ஆடுது.”

நான் என்ன செய்தேன் என்று எழுத இத்தனை வருஷம் கழித்தும் கை வரவில்லை. முதலாளி என்னைப் பார்க்கிறார். குமாஸ்தா ஒருவர் உதட்டோரத்தில் சிரிக்கிறார். இவ்வளவு தூரம் வந்து பயந்துவிட்டான் என்று நினைத்தேன். இப்போது இறக்கினால் இந்த வேலை இனி அவனுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது என்று நினைத்தேன். ஒன்றும் ஆடவில்லை, தூக்கு என்றேன். என் வார்த்தையை நம்பித் தூக்கினான்.

கை நேராக நிமிர்ந்த அந்த நிமிஷம் இடது குண்டு மரையிலிருந்து கழன்று பின்பக்கம் தரையில் விழுந்தது. ஒரு பக்கம் நூறு பவுண்டு, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. அவன் கையை விட்டிருந்தால் தப்பித்திருப்பான். மீதிப் பார் சுழன்று முன்னால் சாய்ந்து பெஞ்சியில் இருந்தவர்கள்மேல் விழுந்திருக்கும். விடவில்லை. உடம்பை முறுக்கி வலப்பக்கம் காலி இடத்துக்கு இழுத்தான். பாரோடு அவனும் விழுந்தான். வலது மணிக்கட்டு அடியில் சிக்கியது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலையில் முதலாளி கொட்டகைக்கு வந்து உறையைக் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். கம்பளி சேறு மாதிரி வந்தது. கம்பி முழுக்கச் செதில் செதிலாகத் துரு. குண்டுக்குள் இருந்த மரையும் ஆணியும் விரலால் சுரண்டினாலே உதிர்ந்தன. இதற்கு யார் தண்ணீர் ஊற்றியது என்று முதலாளி கேட்டார். முனிசாமிதான், தினமும் அவன்தான் ஊற்றினான் என்று தலைமைக் குமாஸ்தா சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். ஊற்றியது முனிசாமிதான், அதில் பொய் இல்லை. ஊற்றச் சொன்னது நான். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவன் இனி கொட்டகைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

அவனைப் பார்க்கப் போகவும் எனக்குத் தைரியம் இல்லை. போனால் அவன் ஒன்றும் கேட்க மாட்டான், அதுதான் பயம். அவன் வீட்டுக்கு என்று கிளம்பிப் பாலாற்றங்கரைவரை போவேன், திரும்பிவிடுவேன். பத்தாம் நாள் முதலாளி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உறை என் யோசனை, தண்ணீர் என் உத்தரவு, ஆடுகிறது என்று அவன் சொன்னதையும் கேட்காமல் தூக்கச் சொன்னது நான். முதலாளி, அவன் கை போனாலும் வாய் இருக்கிறதே, சொல்லிக் கொடுக்கட்டும், நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா என்றார்.

ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. நாலு நாளைக்கு முன்பே போய்விட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பத்து நாள் என் தலைகுனிவை நான் சுமந்துகொண்டு திரிந்ததில் நாலு நாள் அதிகமாகிவிட்டது. பள்ளிகொண்டாவில் அவன் அக்கா இருந்தாள். அங்கே போனேன். அக்கா வாசலில் நிற்க வைத்தே பேசினாள். அரக்கோணம் பக்கம் ரயில்வேயில் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், கேட் சாத்துகிற வேலைக்குச் சேர்த்துவிட்டார், எந்த கேட் என்று தெரியாது என்றாள். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் மதராஸுக்கு ரயிலில் போகும்போதெல்லாம் காட்பாடி தாண்டியதும் ஜன்னலுக்கு வந்துவிடுவேன். கரித்தூள் கண்ணில் விழும், துடைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒவ்வொரு கேட்டிலும் கொடி பிடித்து ஒருவன் நிற்பான். ஒரு நிமிஷம்கூட இல்லை, முகம் தெரிவதற்குள் வண்டி தாண்டிவிடும். இடது கையில் கொடி பிடிப்பவன் யார் என்று தேடினேன். இரண்டு வருஷத்துக்கு மேல் தேடினேன். வேலையே இல்லாமல் கூடச் சும்மா டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் வந்தேன். என் வீட்டில் எனக்குப் பைத்தியம் என்றார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தேன். கூடத்தில் யாராவது நன்றாகத் தூக்கினால் பக்கத்தில் திரும்பி அவனிடம் சொல்ல வாய் எடுப்பேன், அங்கே அவன் இருக்க மாட்டான்.

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம், சோளிங்கர் தாண்டி ஒரு கேட்டில் இடது கையில் பச்சைக் கொடி. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளம் ஓரமாகவே திரும்பி நடந்தேன். அவன் கேட் பக்கத்தில் தொட்டியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, பாய், வெயில்ல இன்னா நடந்து வர்ற என்றான். நேற்றுப் பார்த்தவனைக் கேட்பது மாதிரி கேட்டான். தண்ணீர் கொடுத்தான். விரல் இடுக்கு வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது. வலது கை விரல்கள் மட்டும் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

நான் சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், உதவி வாத்தியார் வேலை உனக்காக அப்படியே இருக்கிறது, என்னோடு வா என்றேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எப்ப சொன்ன?”

“பத்து நாள் கழிச்சி.”

தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தக் கையோடயே வந்திருப்பேன் பாய். நீ வந்து கூப்புடுவேன்னு ஆறு நாள் வாசல்லயே உக்காந்திருந்தேன். இப்ப வேணாம். இங்க நான் கொடி காட்டாம ஒரு வண்டியும் போறதில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்தாவது கெஞ்சியிருப்பேன். வண்டி வரும் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து போய் கேட்டைச் சாத்தினான். நான் மாட்டுவண்டிகளோடு வெளியே நின்றேன்.

பிறகு பல வருஷம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் ஜன்னலில் நிற்பேன். அவன் பார்த்துவிட்டால் கொடியை ஒரு விரற்கடை கூடுதலாகத் தூக்குவான். எனக்கு அன்றைய நாள் முழுக்க அது போதும். ஒரு தடவை போனபோது வேறு ஆள் நின்றான். மாற்றல் ஆகிப் போய்விட்டான் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எந்தச் சேதியும் இல்லை.

இரும்பைக் கையில் வைத்திருக்கிறவன் ஆடுகிறது என்று சொன்னால், முன்வரிசையில் யார் இருந்தாலும் இறக்கச் சொல்லுங்கள். தப்பு உங்களுடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறுநாள் சொல்வது கூட வேறு சங்கதி ஆகிவிடும்.

நான் இருந்தவரை உதவி வாத்தியார் இடத்துக்கு வேறு யாரையும் வைக்க விடவில்லை. முதலாளி கேட்டார், அவருக்குப் பின் அவர் பிள்ளை கேட்டார். ஆள் இருக்கிறது, வர வேண்டியதுதான் பாக்கி என்று சொல்லியே ஓட்டினேன். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த இடத்துக்கு உங்களை எடுத்திருக்கிறார்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். என் வயசில், வலது கை விரல் மடங்காத ஒருவர் எப்போதாவது கூடத்து வாசலில் வந்து நின்றால், யார், என்ன வேண்டும் என்று கேட்டு அவரை நிற்க வைக்காதீர்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள். எனக்கு ஆள் அனுப்புங்கள், எந்த நேரமானாலும் சரி, நான் நடந்தாவது வந்துவிடுகிறேன்.